காலை எடுப்பதற்கு முன்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற இதழில் சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, காலின் ரத்தக்குழாய் அடைப்பைக் குறித்து வந்த கடிதங்கள் வழக்கத்தைவிட அதிகம். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துச் சுருக்கி, எழுதியவர்களின் பெயர்களை நீக்கி, ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் தந்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது; அதில் கேட்கப்பட்டதைத்தான் மற்ற பலரும் வேறு வேறு சொற்களில் கேட்டிருந்தார்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 66. 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பீடிப் பழக்கம் அதற்கும் முந்தையது. வலது காலின் சுண்டுவிரல் காய்ந்து கறுத்துவிட்டது. இரவில் வலி தாங்காமல் காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறார். முதலில் பார்த்த மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். இரண்டாவது இடத்தில், தொடை இடுக்கில் அறுவைச் சிகிச்சை செய்து அடைப்பை நீக்கி, அதே மேசையிலேயே இடுப்புப் பகுதியில் ஸ்டென்ட்டும் கெண்டைக்காலில் பலூனும் செய்யலாம் என்கிறார்கள். ஒன்று பலிக்காது என்பதால்தான் இரண்டையும் செய்கிறார்களா? இரண்டுக்கும் சேர்த்துப் பணம் வாங்கவே இப்படிச் சொல்கிறார்கள் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். — ஒரு மகள், ஆம்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில், தந்தை காலைத் தொங்கவிட்டபடி தூங்குகிறார் என்ற ஒரு வரி எனக்கு நிறையச் சொல்லிவிட்டது. படுத்த நிலையில் பாதம் வரை ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம் அவருடைய காலில் இல்லை. தொங்கவிட்டால் புவியீர்ப்பு கொஞ்சம் கை கொடுக்கிறது, வலி சற்றுத் தணிகிறது. வீட்டில் இருப்பவர்கள் இதைத் தூக்கமின்மை என்றோ வயோதிகம் என்றோ எண்ணிக்கொள்வார்கள். ஓய்வில் இருக்கும்போதே வலி, கறுத்த விரல் இரண்டும் சேர்ந்தால், அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள்; முடிவெடுக்க மாதக் கணக்கில் காத்திருக்க இடமில்லை.

இரண்டு சிகிச்சைகளையும் ஏன் சேர்க்கிறார்கள் என்பதற்குக் காலின் ரத்தக்குழாய் செல்லும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து, இடுப்பெலும்புக்குள் இறங்கி, தொடை இடுக்கை அடைகிறது. அந்த இடுக்கில் விரல் வைத்தால் துடிப்பது பொதுத் தொடைத் தமனி. நீளம் ஒன்றரை அங்குலம் அளவுதான். அங்கே அது மீண்டும் பிரிந்து, ஒரு கிளை தொடையின் உட்பக்கமாக முழங்காலுக்குப் பின்னால் செல்கிறது; மற்றொன்று தொடைத் தசைக்குள் ஆழமாக இறங்குகிறது. முழங்காலுக்குக் கீழே மூன்று மெல்லிய குழாய்களாகி, அவை பாதத்தில் ஒன்றையொன்று தொட்டு முடிகின்றன. டெல்டா மாவட்டத்து வாசகர்களுக்கு நான் தலைமதகு, கிளை வாய்க்கால், கடைமடை என்று சொன்னாலே போதும். நீண்ட நாள் சர்க்கரையும் பீடியும் சேர்ந்த ஒருவருக்கு அடைப்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. பீடி மேலே இடுப்பையும் தொடையையும் அதிகம் பாதிக்கிறது, சர்க்கரை முழங்காலுக்குக் கீழே உள்ள சிறு குழாய்களை அதிகம் பாதிக்கிறது. உங்கள் தந்தைக்கு இரண்டும் இருப்பதால், மேலே, நடுவே, கீழே என மூன்று மட்டத்திலும் அடைப்பு இருப்பதில் வியப்பில்லை.

இனி, ஒவ்வொரு மட்டத்துக்கும் பொருத்தமான கருவி வேறு. தொடை இடுக்கில் ஸ்டென்ட் வைப்பதை நாங்கள் பொதுவாகத் தவிர்க்கிறோம். உட்காரும்போதும் எழும்போதும் அந்த இடம் மடங்குகிறது. உலோக வலை நசுங்கவோ முறியவோ கூடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தொடைக்குள் ஆழமாக இறங்கும் கிளையின் வாயை ஸ்டென்ட் மூடிவிடக்கூடும். மற்ற வழிகளெல்லாம் அடைபட்ட காலத்தில் இந்தக் கிளைதான் சுற்றுவழியாகக் காலுக்கு ரத்தம் கொடுத்துக் காப்பாற்றும். அதை இழப்பது, வீட்டில் விதைநெல்லைத் தின்பது போன்றது. மேலும் இந்த இடம் தோலுக்கு அருகில் இருப்பதால், மூன்று நான்கு அங்குல வெட்டில் எளிதாக எட்டிவிடலாம். ஆகவே அங்கே கத்திக்குத்தான் முதல் உரிமை.

இடுப்பெலும்புக்குள் இருக்கும் அடைப்போ நேர் எதிரானது. அதைத் திறந்து செய்வதென்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். இதயமும் நுரையீரலும் பலவீனமான ஒருவருக்கு அது பெரிய சுமை. அந்த இடம் மடங்காதது, குழாயும் அகலமானது என்பதால் ஸ்டென்ட் அங்கே நன்றாக நிலைக்கிறது. எனவே ஒரு பக்கம் வெட்டு, மறுபக்கம் கம்பி. இதைத்தான் கலப்பு (ஹைப்ரிட்) முறை என்கிறோம். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைக்க வேண்டாம். தச்சன் ஒரே கதவுக்கு உளியையும் எடுக்கிறான், இழைப்புளியையும் எடுக்கிறான்.

அறுவை அரங்கில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரியாததால் வரும் பயம் தெரிந்ததால் வரும் பயத்தைவிடப் பெரியது என்பது என் அனுபவம். பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறோம். சிலருக்கு முழு மயக்கம் தேவைப்படும். தொடை இடுக்கில் வெட்டி, தமனியையும் அதன் கிளைகளையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மெல்லிய ரப்பர் நாடாவால் சுற்றிப் பிடித்துக்கொள்கிறோம். விரலால் தொட்டால் நல்ல தமனி வேகவைத்த மக்ரோனியைப் போலத் துவளும். அடைபட்டது சுண்ணாம்புக் குச்சியைப் போல இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்துவிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெல்லிய கம்பியொன்றை மேல்நோக்கி இடுப்பு அடைப்பைக் கடக்கச் செலுத்துகிறோம். இந்த ஒரு கட்டத்தில்தான் பொறுமை வேண்டும். சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். கம்பி கடந்த பின் தமனியைக் கவ்விகளால் மூடி, நீளவாக்கில் திறந்து, உட்சுவரோடு ஒட்டியிருக்கும் அடைப்பை ஒரு தட்டையான கருவியால் உரித்தெடுக்கிறோம். முட்டை ஓட்டைப்போல மஞ்சளும் வெள்ளையுமாக, பெரும்பாலும் கிளைபிரியும் வடிவத்திலேயே அது முழுதாக வெளியே வரும். கிண்ணத்தில் போட்டால் ‘டிக்’ என்று ஒலிக்கும் அளவுக்குச் சுண்ணாம்பு ஏறியிருக்கும். திறந்த இடத்தை நேராகத் தைத்தால் குறுகிவிடும் என்பதால், நோயாளியின் சொந்தச் சிரையிலிருந்தோ (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்), பதப்படுத்திய மாட்டு இதய உறையிலிருந்தோ வெட்டிய ஒட்டுத்துண்டை வைத்துத் தைத்து அகலப்படுத்துகிறோம்.

அதன்பின் அந்த ஒட்டுத்துண்டின் வழியாகவே குழாயைச் செருகி, மேலே ஸ்டென்ட்டையும், கீழே குறுகிய குழாயை உள்ளிருந்து விரிக்கும் பலூனையும் கொண்டுசெல்கிறோம். மருந்து செலுத்திப் படம் எடுத்தால், சற்று முன்பு வரை திரையில் வெறுமையாக இருந்த பாதத்தில் வேர்கள் போல இழைகள் தெரியத் தொடங்கும். உதவி மருத்துவர், ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கச் செய்யும் டாப்ளர் கருவியின் முனையைக் கணுக்காலில் வைப்பார். முன்பு மௌனமாக இருந்த இடத்தில் ‘உஷ், உஷ்’ என்று காற்றடிப்பது போன்ற ஒலி வரும். 20 ஆண்டுகளுக்கு மேலாக இதைச் செய்கிறேன். அந்த ஒலி வரும்வரை அரங்கில் யாரும் தேநீரைப் பற்றிப் பேசுவதில்லை.

உறவினர்களின் சந்தேகத்துக்கு வருகிறேன். இது நேற்று முளைத்த வியாபாரம் இல்லை. அடைப்பை உரித்தெடுக்கும் முறையை 1946-இல் போர்ச்சுக்கலின் லிஸ்பன் நகரில் ஜோவாவ் சித் தொஸ் சாந்தோஸ் தொடங்கினார். 1948-இல் பாரிசில் ழான் குன்லின், காலின் சிரையையே எடுத்துத் தொடைத் தமனிக்குப் பைபாஸ், அதாவது அடைப்பைச் சுற்றிச் செல்லும் மாற்றுவழி, செய்தார். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், விரல்கள் அழுகிய நிலையிலும் காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்மணி ஒருவரின் தொடைத் தமனியை, சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் வெட்டாமல், உள்ளிருந்தே குழாய்களைச் செலுத்தி விரித்தார். அந்தப் பெண்மணி தம் இரு கால்களோடே மீதி வாழ்நாளைக் கழித்தார். அந்தக் காலத்து அறுவைச் சிகிச்சை மருத்துவர்களுக்கு டாட்டரைப் பிடிக்கவில்லை. படம் எடுக்க அனுப்பிய சீட்டில் ஒருவர், ‘படம் மட்டும் எடுங்கள், சரிசெய்ய முயல வேண்டாம்’ என்று எழுதியே அனுப்பினாராம். ஆனால் அதே போர்ட்லாந்தில் 1973-இல், ஜான் போர்ட்டர் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரும் டாட்டரும் சேர்ந்து, ஒரு பக்கத்து இடுப்புத் தமனியை உள்ளிருந்து விரித்துவிட்டு, அதிலிருந்து மறு தொடைக்குப் பைபாஸ் எடுத்துக் கால்களைக் காப்பாற்றியதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். உங்கள் தந்தைக்குச் சொல்லப்பட்டிருப்பது அந்தக் கொடியில் வந்த காய்தான்.

செலவைப் பொறுத்தவரை, இரண்டையும் இரண்டு தவணையாகச் செய்தால் இரண்டு முறை அனுமதி, இரண்டு முறை மயக்க மருந்து, நடுவில் அழுகல் மேலேறும் அபாயம் ஆகியவை சேரும். ஒரே அமர்வில் செய்வது பொதுவாக நோயாளிக்கு ஆதாயமானது. எனினும் ஸ்டென்ட் எத்தனை, பலூன் எத்தனை, ஒவ்வொன்றும் எந்த விலை என்பதை எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை; அதற்குத் தயங்க வேண்டாம்.

காலை எடுக்கச் சொன்ன முதல் மருத்துவமனையைப் பற்றி ஒன்று மட்டும் கேட்கிறேன்: அங்கே ரத்த ஓட்டத்துக்கான டாப்ளர் ஸ்கேனோ ஆஞ்சியோகிராமோ எடுக்கப்பட்டதா? நீங்கள் எழுதவில்லை. உயிருக்கு ஆபத்தான நிலையைத் தவிர, ரத்த ஓட்டத்தைப் பார்க்காமல் கணுக்காலுக்கு மேல் காலை எடுக்கும் முடிவை நான் ஏற்பதில்லை. சீழும் துர்நாற்றமும் காய்ச்சலுமாக ஈர அழுகல் இருந்தால், முதலில் சீழை வெளியேற்றிவிட்டுத்தான் ரத்தக்குழாயைத் தொட வேண்டும். உங்கள் தந்தைக்கு இருப்பதைப் போலக் காய்ந்த கறுப்பாக இருந்தால் வரிசை மாறும்: முதலில் ரத்த ஓட்டம், பிறகு கறுத்த விரல். ரத்தம் வராத பாதத்தில் விரலை மட்டும் எடுத்தால் அந்தப் புண் ஆறாது; அடுத்த மாதம் அடுத்த விரலுக்கு வருவார்கள்.

எல்லாக் காலையும் காப்பாற்ற முடியும் என்று நான் எழுதினால் அது பொய். பாதம் முழுவதும் இறந்துவிட்டவருக்கும், ஆண்டுக்கணக்கில் படுக்கையில் முழங்கால் மடங்கி இறுகிப்போனவருக்கும் காலை எடுப்பதே நல்ல சிகிச்சையாக இருக்கலாம். அப்போதும் மேலே ரத்த ஓட்டத்தைச் சீர்செய்வதால் முழங்காலைத் தக்கவைக்க முடிந்தால், செயற்கைக் காலோடு நடப்பது பல மடங்கு எளிதாகும். உங்கள் தந்தைக்கு ஒரு விரல்தான் போயிருக்கிறது. இரண்டாவது மருத்துவமனை சொல்லியிருக்கும் வழி, கடிதத்தில் தெரிந்த அளவில், எனக்குச் சரியாகவே படுகிறது.

கேள்வி: எனக்குக் கால் நரம்பில் அடைப்பு என்கிறார்கள். நரம்பு மருத்துவரைப் பார்த்தேன். அவர் தமக்கு இதில் வேலையில்லை என்று அனுப்பிவிட்டார். யாரைத்தான் பார்ப்பது? — வாசகர், கும்பகோணம்

பதில்: குற்றம் உங்களுடையது அன்று, நம் பேச்சு வழக்கினுடையது. உணர்ச்சியைக் கடத்தும் நரம்பையும், கையில் பச்சையாகப் புடைத்துத் தெரியும் சிரையையும், துடிக்கும் தமனியையும் நாம் ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். இதனால் மூன்று மாதம் மூன்று மருத்துவரிடம் அலைந்து, அதற்குள் விரல் கறுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைப்புக்குப் பார்க்க வேண்டியவர் ரத்தநாள அறுவைச் சிகிச்சை மருத்துவர், அதாவது வாஸ்குலர் சர்ஜன்.

வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்காலைப் பிழிவதுபோல் வலித்து, நின்ற இடத்திலேயே சில நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறதென்றால் அது தமனி அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கினாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அவர்களுக்கு நின்றால் குறையாது, உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களுக்கு எரிச்சலும் பஞ்சில் நடப்பது போன்ற உணர்வும் இருக்கும். இவர்களுக்கு அடைப்பும் சேர்ந்திருந்தால் வலியே தெரியாமல் போய்விடும் என்பதுதான் கொடுமை.

மருத்துவரிடம் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 0.9-க்குக் குறைவாக வந்தால் அடைப்பு உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாயில் சுண்ணாம்பு ஏறிக் கணக்குப் பொய்யாக உயர்ந்து, 1.4-க்கு மேல்கூடக் காட்டலாம். அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அளக்கும் அழுத்தமே நம்பத்தக்கது. அது 30-க்குக் கீழே இருந்தால் புண் தானாக ஆறும் என்று எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: பைபாஸ் சிறந்ததா, பலூன் சிறந்ததா? மருத்துவம் படிக்கும் என் மகன், வெளிநாட்டில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறான முடிவைச் சொல்கின்றன என்கிறான். — ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: உங்கள் மகன் சரியாகத்தான் படித்திருக்கிறார். 2022-இல் வெளியான பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வில் 1,830 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். பைபாசுக்கு ஏற்ற நல்ல காற்சிரை உடையவர்களில், கணுக்காலுக்கு மேல் கால் இழப்பு, பெரிய மறுசிகிச்சை, மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 42.6 விழுக்காடு, பலூன், ஸ்டென்ட் பிரிவில் 57.4 விழுக்காடு. நல்ல சிரை இல்லாதவர்களில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மறு ஆண்டு வந்த பாசில்-2 ஆய்வு, முழங்காலுக்குக் கீழுள்ள குழாய்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்ட 345 பேரைப் பற்றியது. அதில் காலிழப்போ மரணமோ நேர்ந்தவர்கள் சிரை பைபாஸ் பிரிவில் 63 விழுக்காடு, பலூன், ஸ்டென்ட் போன்ற உள்வழிச் சிகிச்சைப் பிரிவில் 53 விழுக்காடு. வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் பலூன் பிரிவில் மரணங்கள் குறைந்ததுதான்.

இரண்டு ஆய்வுகளும் ஒரே மாதிரியான நோயாளிகளைப் பற்றியவை அல்ல என்பதை முதலில் கவனிக்க வேண்டும். நான் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: கணுக்கால் முதல் தொடை இடுக்கு வரை நல்ல சிரை இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்காமல் பலூனுக்கு ஓடக்கூடாது, இதயம் தாங்குமா என்று பார்க்காமல் பைபாசுக்கு ஓடக்கூடாது. நம் நோயாளிகளில் பலருக்குச் சிரை பாதி நன்றாக இருக்கும், மீதி கெட்டிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குத் தொடையில் பலூன் செய்து ரத்தத்தை முழங்கால் வரை கொண்டுவந்துவிட்டு, அங்கிருந்து கணுக்கால் வரை குட்டையான பைபாஸ் செய்தால், இருக்கிற சிரையே போதுமானதாகிவிடுகிறது. நீண்ட வெட்டும் மிச்சம். ‘எது சிறந்தது’ என்ற கேள்வியை இந்த நோயாளிகள் பொருளற்றதாக்கிவிடுகிறார்கள்.

ஒரு துணைச் செய்தி: சர்க்கரை நோயாளிகளின் காற்சிரையில் குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்த வந்தால், கையில் போடச் சொல்லுங்கள். பின்னாளில் காலையோ இதயத்தையோ காப்பாற்றப் போகும் குழாய் அது.

கேள்வி: அம்மாவுக்குக் கிரியேட்டினின் 2.1. ஆஞ்சியோகிராம் மருந்தால் சிறுநீரகம் போய்விடும், டயாலிசிஸ் செய்ய நேரிடும் என்று பயமாக இருக்கிறது. — வாசகி, தேனி

பதில்: பயத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் அதற்காகக் காலைக் கைவிட வேண்டியதில்லை. முதலில் டாப்ளர் ஸ்கேனிலேயே முடிந்தவரை வரைபடம் போட்டுக்கொள்ளலாம். தேவைப்படும் பகுதிக்கு மட்டும், நீர்த்த மருந்தை மிகக் குறைவாகச் செலுத்தலாம். இடுப்பிலும் தொடையிலும் அயோடின் மருந்துக்குப் பதிலாகக் கரியமில வாயுவைச் செலுத்திப் படம் எடுக்கும் வசதி பல இடங்களில் இருக்கிறது. கலப்பு முறைக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு: தொடை இடுக்கை நேரில் திறந்து பார்ப்பதால், அந்த அளவுக்கு மருந்து மிச்சமாகிறது. முந்தைய நாள் போதிய நீர்ச்சத்து, வலி மாத்திரைகளை நிறுத்துவது, சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது ஆகிய மூன்றையும் மறக்க வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை கெடுக்கும் சிறுநீரகங்களும் குறைவல்ல.

கேள்வி: என் கணவருக்கு வயது 34. சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. இரண்டு கால் விரல்கள் கறுத்துவிட்டன. சிகரெட் உண்டு. பர்ஜர் நோய் என்கிறார்கள். இவருக்கும் இந்த அறுவைச் சிகிச்சை செய்யலாமா? — வாசகி, சிவகாசி

பதில்: 1908-இல் லியோ பர்ஜர் விரிவாக விளக்கிய இந்த நோய், புகையிலையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது. கணுக்காலுக்கும் பாதத்துக்கும் உரிய சிறு குழாய்களை இது அழிப்பதால், பைபாஸைக் கொண்டுபோய் இணைக்க நல்ல குழாயே பெரும்பாலும் கிடைக்காது. சிலருக்குப் பலூன் முயல்கிறோம். ஆனால் புகையிலையை முழுமையாக விட்டவர்களுக்குக் கால் பெரும்பாலும் நிற்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் என்று ஒப்பந்தம் பேசுகிறவர்களுக்கு நிற்பதில்லை. ஹான்ஸ், பான்பராக் போன்ற மெல்லும் புகையிலையும் இதில் சேர்த்திதான். கடுமையாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம்; இவருக்கு என் கத்தியைவிட வலிமையான சிகிச்சை இவர் கையில் இருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு இதே கலப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து 12 நாள் ஆகிறது. பாதம் சூடாக இருக்கிறது, ஆனால் கால் முழுதும் வீங்கியிருக்கிறது. தையல் போட்ட இடத்தில் நீர் கசிகிறது. எத்தனை நாள் மாத்திரை சாப்பிட வேண்டும்? சம்மணம் போட்டு உட்காரலாமா? — வாசகர், பொள்ளாச்சி

பதில்: பல மாதங்கள் வறண்டிருந்த காலுக்குத் திடீரென ரத்தம் வந்தால் வீக்கம் வருவது வழக்கம், சில வாரங்களில், சிலருக்கு இரண்டு மூன்று மாதங்களில் வடியும். படுக்கும்போது தலையணை மேல் காலை வைக்கச் சொல்லுங்கள். கெண்டைக்காலில் புதிதாக வலியும் இறுக்கமும் இருந்தால், சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும்.

கசிவை அலட்சியப்படுத்தக் கூடாது. தொடை இடுக்கு வியர்வையும் மடிப்பும் உள்ள இடம். இந்தச் சிகிச்சையில் எங்களுக்கு அதிகத் தலைவலி தருவது உள்ளே வைத்த ஸ்டென்ட்டைவிட வெளியே போட்ட தையல்தான். தெளிந்த நீராக இருந்தால் நிணநீர்க் கசிவாக இருக்கலாம். கட்டை உலர்வாக வைத்திருந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்தால், சிவந்தால், காய்ச்சல் அடித்தால், இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்காமல் அன்றே போயிருக்க வேண்டும். ரத்தம் கசிந்தால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், கொழுப்புக்கான ஸ்டாட்டின் ஆகியவை பொதுவாக வாழ்நாள் முழுதும். ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவராக்சபான் 2.5 மில்லிகிராம் நாளைக்கு இருவேளை சேர்ப்பதால், காலில் திடீர் அடைப்பு, காலிழப்பு, மாரடைப்பு போன்றவற்றில் ஏதேனும் ஒன்று நேரும் மொத்த அபாயம் குறைவதை 2020-இல் வெளியான வாயேஜர் ஆய்வு காட்டியது. ரத்தக்கசிவு அபாயம் கொஞ்சம் கூடும் என்பதால் அது எல்லோருக்கும் பொருந்தாது, உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கால் சரியாகிவிட்டது என்று மூன்றாம் மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஐந்தாம் மாதம் அடைத்த ஸ்டென்ட்டோடு வருகிறவர்கள் எங்கள் புறநோயாளிப் பிரிவின் வாடிக்கையாளர்கள். வலி இல்லாவிட்டாலும் முதல் மாதத்திலும், பிறகு 3, 6, 12 மாதங்களிலும் டாப்ளர் ஸ்கேன் பார்த்துவிடுங்கள். குறுகத் தொடங்கும்போதே கண்டால் மீண்டும் ஒரு பலூனில் முடியும்.

சம்மணம், குத்தவைத்து உட்காருதல் இரண்டும் தையல் நன்றாக ஆறும்வரை, ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு வேண்டாம். முழங்காலுக்குப் பின்னால் ஸ்டென்ட் இருந்தால் அதன் பிறகும் வேண்டாம். கழிப்பறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வையுங்கள். நடப்பதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை, பாதத்தில் புண் இல்லாதவரை.

கேள்வி: இவ்வளவு செலவைக் கூலி வேலை செய்கிறவர்கள் எங்கே போய்ச் செய்வது? — வாசகர், திருவண்ணாமலை

பதில்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. அதில் இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு அனுமதி என்பதை, மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைச் சிகிச்சைக்குத் தனித்துறை உண்டு. பளபளப்பான ஹைப்ரிட் அரங்கு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நகர்த்தக்கூடிய எக்ஸ்ரே கருவியும் அது ஊடுருவும் மேசையும் பழகிய கைகளும் இருந்தால் போதும்.

கேள்வி: பாட்டிக்குப் பாதம் எப்போதும் சில்லென்று இருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம். சரியா? — கல்லூரி மாணவி, விழுப்புரம்

பதில்: தவறு, உடனே நிறுத்துங்கள். ரத்த ஓட்டம் குறைந்த தோலால் சூட்டைக் கடத்தி அனுப்ப முடியாது. உணர்ச்சியும் குறைந்திருந்தால் கொப்புளம் வருவதே தெரியாது. பருத்திக் காலுறை போதும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதையும் இதோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: நேற்று வரை நன்றாக இருந்த கால் திடீரென வெளுத்து மரத்துப்போனால் அதுவும் இதே நோயா? — வாசகர், மணப்பாறை

பதில்: காரணம் வேறாக இருக்கலாம், அவசரம் பல மடங்கு. பெரும்பாலும் ஒழுங்கற்றுத் துடிக்கும் இதயத்திலிருந்து ஒரு ரத்தக்கட்டி பெயர்ந்து வந்து தமனியை அடைத்திருக்கும், அல்லது பழைய அடைப்பின்மேல் புதிதாக ரத்தம் உறைந்திருக்கும். முதல் வகைக்கு, நுனியில் சிறு பலூன் உள்ள குழாயைச் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறையைத் தாமஸ் ஃபோகார்ட்டி 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். கட்டியை எடுத்தபின் மேசையிலேயே படம் எடுத்துப் பார்த்து, அடியில் பழைய குறுகல் தெரிந்தால் அங்கேயே ஸ்டென்ட்டும் வைத்துவிடுகிறோம். கலப்பு முறை மிக நன்றாகக் கைகொடுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. தசை ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குமேல் தாங்காது. எண்ணெய் போட்டு நீவுவது, நாட்டு வைத்தியரிடம் காட்டுவது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுப்பது எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள், ரத்தநாளச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனை என்று கேட்டுப் போங்கள், வலி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். வாசலில் நாங்கள் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.